நெ வின்: ஒருமுறை ஆட்சியைத் திருப்பிக் கொடுத்த தளபதி

1960ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 4ஆம் தேதி பர்மாவில் நடந்த ஒரு நிகழ்வு, அக்காலத்தில் பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. பதினேழு மாதங்கள் பிரதமராக இருந்த இராணுவத் தலைமைத் தளபதி நெ வின், தேர்தலில் வெற்றி பெற்ற யு நுவிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுத் தமது படையலுவலகத்துக்குத் திரும்பினார்.

அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1958இல் மட்டும், ஈராக்கிலும் பாகிஸ்தானிலும் சூடானிலும் இராணுவம் அதிகாரத்தைக் கைப்பற்றியிருந்தது. கைப்பற்றியதைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் அந்தத் தளபதிகளில் எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆகவே, சொன்ன சொல்லைக் காப்பாற்றிய படைத் தலைவர் என்ற பெயர் நெ வின்னுக்குக் கிடைத்தது. உள்நாட்டில் அவரை ஐயுற்றவர்கள்கூட அந்த ஒரு செயலுக்காக அவரை மதித்தனர்.

இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் அவர் மீண்டும் வந்தார். அடுத்த இருபத்தாறு ஆண்டுகள் ஆட்சியை விடவில்லை. இரண்டாவது முறை அவர் வந்தபோது நாடு பெரிதாக எதிர்க்காமல் இருந்ததற்கு, முதல் முறை திரும்பிப் போனார் என்பதே முக்கியக் காரணமாக இருந்தது.

அஞ்சலக எழுத்தர்

நெ வின்னின் இயற்பெயர் ஷு மாவுங். ரங்கூனுக்கு வடமேற்கே, ப்ரோம் நகருக்கு அருகிலுள்ள பவுங்டாலே என்ற ஊரில் 1910 அல்லது 1911இல் பிறந்தார். மருத்துவராகும் விருப்பத்துடன் 1929இல் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். உயிரியல் தேர்வில் தோற்று 1931இல் பட்டமின்றி வெளியேறினார். பின்னர் அஞ்சலகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். இடையில் கரி வணிகத்தில் இறங்கி, இந்திய வணிகர்களின் போட்டியைத் தாங்க முடியாமல் அதைக் கைவிட்டார் என்றும் அவரது வாழ்க்கைக் குறிப்புகளில் சொல்லப்படுவதுண்டு.

அந்தக் காலத்து ரங்கூனை அறிந்தால்தான் இச்செய்தியின் பொருள் விளங்கும். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அந்நகரின் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்திய வம்சாவளியினர். துறைமுகக் கூலி முதல் அரசு அலுவலகம் வரை அவர்களே நிறைந்திருந்தனர். ஊர்ப்புறத்திலோ நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலங்கள் அவர்கள் கைக்கு மாறின. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் ஆறு விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1930களின் பிற்பகுதியில் கால் பங்காக உயர்ந்தது. செட்டியார்கள் விரும்பியது கடனும் வட்டியும்தானேயன்றி நிலமல்ல என்பது உண்மை. ஆனால் நிலத்தை இழந்த விவசாயிக்கு அந்த வேறுபாடு ஆறுதல் தந்திருக்க முடியாது. 1930இலும் 1938இலும் ரங்கூனில் நடந்த கலவரங்களில் இந்தியர்கள் தாக்கப்பட்டனர்.

இந்தச் சூழலில்தான் ஷு மாவுங், நாமே பர்மியர் என்ற பொருள்படும் பெயர் கொண்ட தோபாமா இயக்கத்தில் சேர்ந்தார். அதன் உறுப்பினர்கள், பிரித்தானியரை அழைக்கப் பயன்பட்ட தக்கின், அதாவது எசமான், என்ற சொல்லைத் தங்கள் பெயருக்கு முன்னால் தாங்களே போட்டுக்கொண்டனர்.

1941இல் ஜப்பானியர்கள் முப்பது பர்மிய இளைஞர்களை இரகசியமாக ஹைனான் தீவுக்கு அழைத்துச் சென்று போர்ப்பயிற்சி அளித்தனர். முப்பது தோழர்கள் என்று பின்னாளில் புகழ் பெற்ற அந்தக் குழுவின் தலைவர் ஆங் சான். ஷு மாவுங்கும் அதில் ஒருவர். ஒளிரும் ஞாயிறு என்ற பொருளில் நெ வின் என்ற போர்ப்பெயரை அவர் சூடிக்கொண்டது அப்போதுதான். ஜப்பானியப் படைகளுடன் பர்மாவுக்குள் நுழைந்த அவர்கள், 1945 மார்ச் 27ஆம் தேதி அதே ஜப்பானியருக்கு எதிராகத் திரும்பினர். அந்த நாள் இராணுவத்தின் நாளாக ஆண்டுதோறும் கொண்டாடப்பட்டு வந்தது.

நாட்டுக்கு விடுதலை வாங்கித் தந்தது அரசியல் கட்சியல்ல, படைதான் என்ற எண்ணம் பர்மிய இராணுவத்தில் வேரூன்றியதற்கு இந்த வரலாறே அடிப்படை. அதன் நாயகனாகிய ஆங் சான் 1947 ஜூலை 19ஆம் தேதி அமைச்சரவைக் கூட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1948 ஜனவரி 4ஆம் தேதி பர்மா விடுதலை பெற்றபோது அவர் இல்லை. அவரது இடத்துக்கு அரசியலில் யு நு வந்தார்.

ரங்கூன் அரசு

விடுதலை பெற்ற சில மாதங்களிலேயே உள்நாட்டுப் போர் வெடித்தது. முதலில் கம்யூனிஸ்டுகள், பின்னர் படையின் ஒரு பகுதியினர், அதன்பின் கரென் இனத்தவர் ஆயுதம் ஏந்தினர். கரென் போராளிகள் தலைநகரின் புறநகரான இன்செய்ன் வரை வந்து மூன்று மாதங்களுக்கு மேல் அதைப் பிடித்து வைத்திருந்தனர். நடுவண் அரசின் அதிகாரம் செல்லுபடியான பகுதி அவ்வளவு சுருங்கிப் போயிருந்ததால், அதை ரங்கூன் அரசு என்றே ஏளனமாக அழைத்தனர்.

அப்போது இராணுவத்தின் தலைவராக இருந்த ஸ்மித் டன் ஒரு கரென். 1949 தொடக்கத்தில் அவர் விலக்கப்பட்டு, நெ வின் அந்தப் பதவிக்கு வந்தார். கரென் படைப்பிரிவுகள் கலைந்துபோன நிலையில், எஞ்சியிருந்த படையைத் தம் பழைய தோழர்களைக் கொண்டு அவர் மறுபடியும் கட்டினார். பல இனங்களைக் கொண்ட நாட்டின் படை, ஏறத்தாழ ஒரே இனத்தின் தலைமையிலான படையாக மாறியது அந்த ஆண்டுகளில்தான். சீன உள்நாட்டுப் போரில் தோற்ற கோமிண்டாங் படைகள் ஷான் மாநிலத்துக்குள் புகுந்தபோது, மலைநாட்டுக்குள்ளும் பர்மிய இராணுவம் பெருமளவில் சென்றது. படைவீரர்களுக்குப் பொருட்கள் விற்பதற்காக 1951இல் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனம், பத்தாண்டுகளுக்குள் வங்கி, கப்பல் போக்குவரத்து என்று பரந்த வணிகக் குழுமமாக வளர்ந்தது. அரசுக்குள் இன்னொரு அரசு சத்தமின்றி உருவாகிக் கொண்டிருந்தது.

1958இல் ஆளும் கட்சி இரண்டாகப் பிளந்தது. செப்டம்பர் மாதம் யு நு, நெ வின்னை ஆட்சிப் பொறுப்பேற்க அழைப்பதாக அறிவித்தார். அழைப்பு என்ற சொல் அங்கே எவ்வளவு பொருந்தும் என்பது வேறு விடயம். தளபதிகள் கொடுத்த நெருக்குதலுக்குப் பிறகே அந்த அழைப்பு வந்தது. ஆயினும் நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது, அரசியலமைப்பு கலைக்கப்படவில்லை.

அந்தக் காபந்து அரசு சுறுசுறுப்பாகவே இயங்கியது. ரங்கூன் தெருக்கள் சுத்தமாயின. குடிசைகளில் இருந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் நகருக்கு வெளியே புதிதாக அமைக்கப்பட்ட ஒக்கலாப்பா, தக்கேத்தா ஆகிய குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டனர். ஷான் சிற்றரசர்கள் தங்கள் பரம்பரை அதிகாரங்களை 1959இல் துறந்தனர். கறாரான இந்த ஆட்சியைப் பலர் பாராட்டினர். ஆனால் 1960 தேர்தலில் மக்கள் வாக்களித்தது, இராணுவம் விரும்பிய தரப்புக்கு அல்ல, யு நுவுக்கு. நெ வின் அதை ஏற்றுக்கொண்டு விலகினார்.

1962 மார்ச் 2

திரும்பி வந்த யு நுவால் நிலைத்து நிற்க முடியவில்லை. அவரது கட்சியே மீண்டும் பிளவுபட்டது. புத்த மதத்தை அரச மதமாக்கும் சட்டம் கச்சின், சின் போன்ற கிறிஸ்தவச் சிறுபான்மையினரை அந்நியப்படுத்தியது. ஷான் மாநிலமும் கயா மாநிலமும் பத்தாண்டுகளுக்குப் பின் விரும்பினால் பிரிந்து செல்லலாம் என்று 1947 அரசியலமைப்பு கூறியிருந்தது. அந்தக் கெடு கடந்துவிட்ட நிலையில், ஷான் தலைவர்கள் உண்மையான கூட்டாட்சி கேட்டனர். அதுகுறித்துப் பேச 1962 பிப்ரவரி பிற்பகுதியில் ரங்கூனில் ஒரு மாநாடு கூடியது. கேட்கப்பட்டது பிரிவினை அல்ல. ஆனால் இராணுவத்தின் காதில் அது பிரிவினையாகவே விழுந்தது.

மார்ச் 1ஆம் தேதி இரவு நெ வின் சீனக் கலைக்குழு ஒன்றின் நடன நிகழ்ச்சிக்குச் சென்றிருந்தார். விடிவதற்குள் பிரதமரும் அமைச்சர்களும் ஷான் தலைவர்களும் கைது செய்யப்பட்டுவிட்டனர். காலையில் வானொலியில் பேசிய நெ வின், நாட்டின் நிலைமை மோசமடைந்ததால் படைகள் பொறுப்பேற்றுள்ளதாக அறிவித்தார்.

அது இரத்தம் சிந்தாத ஆட்சிக்கவிழ்ப்பு என்று அப்போது எழுதப்பட்டது. ஓர் உயிர் போனதைப் பலர் கணக்கில் கொள்ளவில்லை. நாட்டின் முதல் குடியரசுத் தலைவரான சாவ் ஷ்வே தைக்கின் வீட்டில், அவரது பதினேழு வயது மகன் அந்த விடியற்காலையில் சுட்டுக் கொல்லப்பட்டான். சிறை வைக்கப்பட்ட தந்தை அதே ஆண்டு நவம்பரில் சிறையிலேயே இறந்தார். சீபோ பகுதியின் சிற்றரசர் சாவ் ச்சா செங் இராணுவக் காவலில் எடுக்கப்பட்ட பின் திரும்பவேயில்லை.

ரங்கூன் தெருக்களில் எதிர்ப்பு எழவில்லை. போன முறை போலவே இந்த முறையும் சிறிது காலத்தில் தளபதி திரும்பிப் போவார் என்று பலர் நம்பினர். அந்த நம்பிக்கை நான்கு மாதங்கள் நீடித்தது.

ஜூலை 7ஆம் தேதி விடுதிக் கட்டுப்பாடுகளை எதிர்த்து ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் ஆர்ப்பாட்டம் செய்தபோது இராணுவம் சுட்டது. இறந்தவர்கள் 15 பேர் என்றது அரசு. நூறுக்கும் மேல் என்றனர் மாணவர்கள். மறுநாள் விடியும் வேளையில் மாணவர் சங்கக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1936இல் ஆங் சான் மாணவர் தலைவராக இருந்து உருவாக்கிய போராட்டத்தின் அடையாளம் அந்தக் கட்டடம். ஆங் சானின் தோழரே அதைத் தரைமட்டமாக்கினார் என்பதைப் பர்மிய மாணவர்கள் மறக்கவில்லை. அதற்கான உத்தரவு தம்முடையதல்ல என்று கூறிப் பழியைத் தமது முன்னாள் துணைத் தளபதி ஆங் ஜீ மீது நெ வின் சுமத்தினார். அதற்கும் அவர் 1988 வரை காத்திருந்தார்.

எண்ணிடப்பட்ட கடைகள்

சோசலிசத்துக்கான பர்மிய வழி என்று பெயரிடப்பட்ட கொள்கை 1962 ஏப்ரல் 30ஆம் தேதி வெளியானது. மார்க்சியமும் பௌத்தமும் தேசியவாதமும் கலந்த அந்த ஆவணம், நடைமுறையில் எல்லாவற்றையும் இராணுவ அதிகாரிகளின் கையில் ஒப்படைப்பதாக முடிந்தது. 1963 பிப்ரவரியில் தனியார் வங்கிகள் அனைத்தும் நாட்டுடைமையாக்கப்பட்டு மக்கள் வங்கிகளாயின. அவற்றுக்குப் பெயர் இல்லை, எண்கள்தான். 1964 மார்ச் 19ஆம் தேதி ரங்கூன் கடைகளின் முறை வந்தது. அவையும் எண்ணிடப்பட்ட மக்கள் கடைகளாயின. மே 17ஆம் தேதி 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. சிறு தொகைகளே முழுமையாக மாற்றித் தரப்பட்டன.

கறுப்புப் பண முதலைகளும் அந்நிய முதலாளிகளும் இதனால் ஒழிவார்கள் என்றது அரசு. ஆனால் பெரும் முதலாளிகளில் பலர் முன்பே போய்விட்டிருந்தனர். 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை கடந்து நடந்தனர்; பல்லாயிரம் பேர் வழியில் மாண்டனர். செட்டியார்களின் நிலங்களோ 1948, 1953ஆம் ஆண்டு நிலச் சட்டங்களால், நாடாளுமன்ற ஆட்சியிலேயே கைமாறத் தொடங்கிவிட்டன. 1964இல் சிக்கிக்கொண்டவர்கள் மளிகைக் கடைக்காரர்களும் துணி வணிகர்களும் கணக்கர்களும் கூலித் தொழிலாளர்களுமே. வட்டிக் கடைக்கு எதிராக எழுந்த நியாயமான கோபத்தின் விலையை, வட்டிக்கு விட ஒன்றுமில்லாதவர்கள் செலுத்தினர்.

அடுத்த சில ஆண்டுகளில் சுமார் மூன்று லட்சம் இந்திய வம்சாவளியினர் பர்மாவை விட்டு வெளியேறினர். அவர்களில் கணிசமானோர் தமிழர்கள். இந்திய அரசு சிறப்புக் கப்பல்களை அனுப்பியது. மிகக் குறைந்த அளவு பணமும் பொருளுமே எடுத்துச் செல்ல அனுமதி இருந்தது. துறைமுகச் சோதனையில் நகைகளுடன் தாலியும் கழற்றப்பட்டது என்பது அக்குடும்பங்களில் தலைமுறை தாண்டியும் சொல்லப்படும் செய்தி. நாட்டுடைமை என்பது பர்மாவின் உள்விவகாரம் என்பதே பெரும்பாலும் டெல்லியின் நிலைப்பாடாக இருந்தது.

சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களுக்குத் தமிழகத்தின் பல ஊர்களில் பர்மா காலனிகள் அமைக்கப்பட்டன. 1960களின் இறுதியில் சென்னைக் கடற்கரைச் சாலையோரம் கடை போட அவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. அதுவே பர்மா பஜார். அங்கே தொடங்கி வடசென்னைத் தெருக்களில் பரவிய அத்தோ என்னும் உணவு, ரங்கூனில் பிறந்தவர்கள் கொண்டு வந்த சிலவற்றில் ஒன்று. அதற்குச் சுங்கச் சோதனை இல்லை. பிறந்த மண்ணை மறக்க முடியாத சிலர், மணிப்பூர் வழியாகத் தரைமார்க்கமாகவே பர்மாவுக்குத் திரும்ப முயன்றனர். எல்லையில் தடுக்கப்பட்ட அவர்கள் மோரே என்ற சிற்றூரிலேயே தங்கினர். அங்கு ஒரு தமிழ்ச் சங்கமும் அங்காளபரமேசுவரி ஆலயமும் எழுந்தது அவ்வாறே.

பர்மாவிலேயே தங்கியவர்களுக்கு வேறு விதமான இழப்பு. 1960களின் நடுப்பகுதியில் தனியார் பள்ளிகளையும் அரசு எடுத்துக்கொண்டது. தமிழ் கற்கும் வாய்ப்பு கோயில்களை ஒட்டிச் சுருங்கியது. 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 1823க்கு முன்பிருந்தே பர்மாவில் வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்களையே பிறப்புரிமையுள்ள முழுக் குடிமக்களாக வரையறுத்தது. பிரித்தானியருக்கும் பர்மிய மன்னருக்கும் இடையிலான முதல் போர் 1824இல் தொடங்கியது என்பதால்தான் அந்த ஆண்டு. அச்சட்டம் ரோஹிஞ்சா முஸ்லிம்களை நாடற்றவர்களாக்கியது. 2017இல் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் வங்கதேசத்துக்கு ஓட நேர்ந்ததன் சட்ட வேர் அதில் இருக்கிறது.

யாருடைய பெயரால் இவையெல்லாம் செய்யப்பட்டனவோ, அந்தப் பர்மிய விவசாயிக்கும் நன்மை விளையவில்லை. செட்டியார் போன இடத்துக்கு, நெல்லை மிகக் குறைந்த விலைக்குக் கொள்முதல் செய்யும் அரசு வந்தது. போருக்கு முன் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்த நாட்டில் 1967இல் அரிசிப் பஞ்சம் ஏற்பட்டது. அந்த ஆண்டு மக்களின் சினம் சீனர்கள் மீது திரும்பியது.

உடுப்பை மாற்றிய தளபதி

1972இல் நெ வின் இராணுவப் பதவியைத் துறந்து யு நெ வின் ஆனார். 1974இல் புதிய அரசியலமைப்பின்படி, புரட்சிக் கவுன்சிலின் தலைவர் நெ வின் குடியரசுத் தலைவர் நெ வின்னிடம் அதிகாரத்தை ஒப்படைத்தார். 1960இல் நடந்ததன் கேலிச்சித்திரமாக அந்த விழா அமைந்தது.

அதே ஆண்டு நவம்பரில் ஐ.நா.வின் முன்னாள் தலைமைச் செயலர் யு தாண்ட் நியூயார்க்கில் காலமானார். அவர் யு நுவின் நெருங்கிய நண்பர் என்பதாலோ என்னவோ, உலகம் அறிந்த அந்தப் பர்மியரின் உடலுக்கு அரசு மரியாதை மறுக்கப்பட்டது. டிசம்பர் 5ஆம் தேதி மாணவர்கள் சவப்பெட்டியைக் கைப்பற்றிப் பல்கலைக்கழக வளாகத்துக்குக் கொண்டு சென்றனர். தகர்க்கப்பட்ட மாணவர் சங்கக் கட்டடம் இருந்த இடத்தில் அவருக்குக் கல்லறை எழுப்பினர். ஆறு நாட்களுக்குப் பின் படைகள் நுழைந்து உடலை மீட்டன; தலைநகரில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது.

நெ வின் 1981இல் குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து விலகினாலும் கட்சித் தலைமையை வைத்துக்கொண்டார். சோதிடத்தில் அவருக்கிருந்த நம்பிக்கை பற்றிப் பல கதைகள் உண்டு. அவற்றில் எது உண்மை, எது வதந்தி என்று பிரிப்பது கடினம். ஆனால் 1987 செப்டம்பரில் நடந்தது வதந்தியல்ல. 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஓர் அறிவிப்பில், எந்த ஈடும் இன்றிச் செல்லாதவையாயின. பதிலாக வந்தவை 45, 90 கியாட் நோட்டுகள். இரண்டும் ஒன்பதால் வகுபடுபவை. ஒன்பது அவரது இராசி எண் என்று மக்கள் பேசிக்கொண்டனர். 1964இல் இந்திய வணிகருக்கு நேர்ந்தது இப்போது நாடு முழுவதற்கும் நேர்ந்தது. தேர்வுக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் ஒரே நாளில் காகிதமாகிப் போன மாணவர்கள் தெருவுக்கு வந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் ஐ.நா. பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது.

1988 மார்ச்சில் தேநீர்க்கடைச் சண்டையொன்றில் தொடங்கிய கலவரம் மாணவர் எழுச்சியாக மாறியது. கைதான 41 பேர் காவல்துறை வண்டிக்குள் மூச்சுத் திணறி இறந்தனர். ஜூலை 23ஆம் தேதி நெ வின் பதவி விலகலை அறிவித்தார். பல கட்சி முறை வேண்டுமா என்று மக்களிடம் கேட்கலாம் என்றும் சொன்னார். அதே உரையில், இராணுவம் சுட்டால் வானத்தை நோக்கிச் சுடாது என்றும் எச்சரித்தார். முதலில் சொன்னது நடக்கவில்லை. ஆகஸ்ட் 8ஆம் தேதி தொடங்கிய பெரும் போராட்டங்களிலும் செப்டம்பர் 18ஆம் தேதி நிகழ்ந்த அடுத்த ஆட்சிக்கவிழ்ப்பிலும் கொல்லப்பட்டோர் சுமார் மூவாயிரம் என்று மதிப்பிடப்படுகிறது.

புதிய தளபதிகள் 1990இல் தேர்தல் நடத்தினர். ஆங் சானின் மகள் ஆங் சான் சூ சியின் கட்சி வென்றபோது ஆட்சியை ஒப்படைக்க மறுத்தனர். 2008 அரசியலமைப்பில் நாடாளுமன்ற இடங்களில் கால் பங்கைப் படைக்கே ஒதுக்கிக்கொண்டனர். சூ சியின் கட்சி மீண்டும் பெருவெற்றி பெற்ற பின், 2021 பிப்ரவரி 1ஆம் தேதி விடியற்காலையில், 1962இல் போலவே தலைவர்கள் வீடுகளில் கைது செய்யப்பட்டனர். இம்முறை எவரும் தளபதிகள் திரும்பிப் போவார்கள் என்று காத்திருக்கவில்லை. சில நாட்களுக்குள் தெருக்கள் நிறைந்தன. சில மாதங்களுக்குள் ஆயுதப் போராட்டம் பெரும்பான்மைப் பர்மியர் வாழும் சமவெளிக்கும் பரவியது.

நெ வின் அந்தக் காட்சியைக் காண இருக்கவில்லை. பதவியிலிருந்து விலகிய பிறகு அவர் ரங்கூன் இன்யா ஏரிக் கரையில் வாழ்ந்தார். ஏரியின் மறுகரையில் இருந்தது, சூ சி பல ஆண்டுகள் சிறைவைக்கப்பட்டிருந்த வீடு. 2002 மார்ச்சில் நெ வின்னின் மருமகனும் மூன்று பேரன்களும் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாகக் கைது செய்யப்பட்டனர். நெ வின்னும் அவர் மகள் சண்டா வின்னும் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டனர். மருமகனுக்கும் பேரன்களுக்கும் செப்டம்பரில் மரண தண்டனை விதிக்கப்பட்டது, அது நிறைவேற்றப்படவில்லை.

டிசம்பர் 5ஆம் தேதி நெ வின் இறந்தார். மாணவர்கள் யு தாண்டின் உடலைக் கைப்பற்றிய அதே தேதி. அவர் வளர்த்த இராணுவம் அவருக்கு அரசு மரியாதை எதுவும் செய்யவில்லை. அன்றே, சிலர் மட்டும் கூடியிருக்க, உடல் எரியூட்டப்பட்டது. வீட்டுக் காவலிலிருந்து தற்காலிகமாக வெளியே விடப்பட்ட மகள், சாம்பலை லயிங் ஆற்றில் கரைத்தார்.